பாம்பின் தலையில் ஆறு ஓட்டை

ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடுகிற வயதுக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். ஒப்புக்கொள்ளாதவர்கள், நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாராவது பழைய படம் போட்டால் அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள்தான். போன வாரம் நம் ஏழாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிப் படம் ஒன்று வந்ததே, அதில் ஓரமாக ஒரு மரப்பெட்டி பாதி தெரிகிறது. "இது என்ன, கோழிக்கூண்டா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. அது ஆகாயம். கோழிக்கூண்டு ஆனது பிறகுதான். நடுவில் அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றைக் கெடுக்கப் பார்த்தது. சரியாகச் சொன்னால், கெடுக்கப் பார்த்தது பெட்டியல்ல, நான்.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் கம்பெனி வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம். நம் ஊரில் பாதி நிலத்தில் கேழ்வரகு, மீதி நிலத்தில் காம்பவுண்டுச் சுவர். நிலம் போன காசில் அப்பா எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஐந்து அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். எல்லாவற்றிலும் தெற்கத்திப் பையன்கள். ஷிப்ட் முடிந்து வந்தால் ஐந்து அறையிலிருந்தும் ஒரே நேரத்தில் தாளிக்கிற வாசனை வரும்.

கம்பெனிகளுக்கு வெளிநாட்டு மெஷின்கள் பைன் மரப் பெட்டியில் வரும். மெஷின் உள்ளே போய்விடும், பெட்டி காயலாங்கடைக்கு வந்துவிடும். அந்தப் பெட்டிகளை வாங்கி நம் ஊர்க்காரர்கள் செய்யாத பொருள் இல்லை. கட்டில், பெஞ்சு, குளியலறைக் கதவு. எல்லாவற்றிலும் ஒரு குடை, ஒரு கண்ணாடிக் கோப்பை, மேலே பார்க்கிற இரண்டு அம்புகள் அச்சடித்திருக்கும். கோப்பைப் படத்தைப் பார்த்து, கம்பெனிக்குள்ளே சாராயம் காய்ச்சுகிற மெஷின் இருப்பதாக நம் வகுப்பில் ஒரு பேச்சு உலவியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கிளப்பிவிட்டது யார் என்று இப்போதாவது சொல்லலாம்.

கோழி அடைக்கவென்று அப்பா ஒரு பெட்டி வாங்கி வந்தார். எட்டடி நீளம். குனிந்து உள்ளே போனால் நான்கு பேர் உட்காரலாம். பைன் மரத்துக்கு ஒரு வாசனை உண்டு, நம் பக்கத்து மரம் எதற்கும் இல்லாத வாசனை. எலுமிச்சைத் தோலும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல் இருக்கும். நானும் பக்கத்து வீட்டுக்காரியும் அதற்குள்ளேயே குடியேறிவிட்டோம். கதவைச் சாத்தினால் கும்மிருட்டு. கூரைப் பலகையில் பழைய ஆணி ஓட்டை ஒன்று. வெயில் அதன் வழியாக ஒரு புள்ளியாக மின்னும்.

கண்காட்சிக்குச் சயின்ஸ் மிஸ் சீட்டுக் குலுக்கிப் போட்டார். எரிமலை எல்லாம் உங்களுக்குப் போய்விட்டது. எங்கள் இருவருக்கும் விண்மீன் கூட்டம். அழுகை வந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரி, பெட்டிக் கூரையில் இருக்கும் அந்த ஒற்றைப் புள்ளியை நினைவுபடுத்தினாள். கூரை முழுக்க ஓட்டை போட்டால் பட்டப்பகலில் நட்சத்திரம் காட்டலாமே என்றாள். அவள் வாழ்நாளில் சொன்ன ஒரே நல்ல யோசனை அது. குழுவில்தான் இருக்கிறாள், படிக்கட்டும்.

மிஸ்ஸிடம் துணியில் ஒட்டிய பழைய வான வரைபடம் ஒன்று இருந்தது. பெட்டி நீளமாக இருந்ததால் இருப்பதிலேயே நீளமான கூட்டத்தைத் தேடினோம். தண்ணீர்ப் பாம்பு என்று ஒன்று அகப்பட்டது. வானத்தில் அதைவிடப் பெரிய கூட்டம் கிடையாது என்று மிஸ் சொன்னார். படத்தின் ஓரத்தில் பென்சிலால் யாரோ நம் நட்சத்திரப் பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள். பாம்பின் தலைதான் ஆயில்யம். தலைக்கு ஒரு பக்கம் பூசம், மறுபக்கம் மகம். பிறகு பூரம், உத்திரம் என்று அதன் முதுகோரமாகவே போனால் அஸ்தம், வால் பக்கம் சித்திரை. காலண்டரில் மட்டுமே பார்த்த பெயர்களுக்கெல்லாம் ஆகாயத்தில் இடம் இருப்பது எங்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

ஓட்டை போடுவது நாங்கள் நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. முதல் நாளே பக்கத்து வீட்டுக்காரி கட்டை விரலை நசுக்கிக்கொண்டாள். அப்போது உதவிக்கு வந்தவர் மூன்றாம் அறை அண்ணன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அசெம்பிளி லைனில் வேலை. முதல் ஷிப்ட் முடிந்து மூன்றரை மணிக்கெல்லாம் வந்துவிடுவார். அவர் சுத்தியலைப் பிடித்தார். ஆணி எடுத்துக்கொடுக்க எங்கள் அத்தை வந்தார். அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை, அப்போது இருபத்தொன்பது வயது, எங்களோடுதான் இருந்தார். இரண்டே நாளில் அந்தப் பெட்டியில் எங்கள் இருவருக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. நாற்பது ஓட்டை போட ஒன்பது சாயங்காலம் ஆனது. இன்று கணக்குப் போட்டால் ஓட்டைக்கு அரை மணி நேரம் வருகிறது. பைன் மரம் அவ்வளவு கெட்டி இல்லை.

பாம்பின் நெஞ்சில் தனியாக ஒரு நட்சத்திரம் செம்மஞ்சளாக எரியுமாம். அதற்கு அண்ணன் ஒரு மிட்டாய்த் தாளை ஒட்டினார். வால் பக்கத்தில் ஒரு கேலக்ஸி. அது புள்ளியாகத் தெரியக் கூடாது, கலங்கலாகத் தெரிய வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். பெரிய ஓட்டையாகப் போட்டு அத்தை அதில் விளக்குத் திரிப் பஞ்சைப் பிரித்து வைத்தார். வெயில் அதில் பட்டதும் பாலில் நனைத்த விரல்நுனி போல ஒரு ஒளி. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் படுத்திருந்தார்.

கடைசியில் நோட்டுத் தாளைக் கிழித்துச் சீட்டெழுதி, மைதாப் பசையால் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பக்கத்தில் ஒட்டினேன். அதில் நம் ஆட்களையும் சேர்த்தேன். பூசம், சயின்ஸ் மிஸ். அஸ்தம், அப்பா. சித்திரை, அம்மா. ஆயில்யம், அத்தை.

இனி அத்தையின் சங்கதி. ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு. உங்களில் சிலர் வீட்டிலும் இதற்கு அழுதிருப்பார்கள். அதனால் அப்பா ஏழெட்டு வருஷமாகத் தாயில்லாத மாப்பிள்ளையாகத் தேடிக்கொண்டிருந்தார். தரகர் வந்தால் பையனின் வேலை, சம்பளம் எல்லாம் பிறகுதான். "அம்மா செத்து ஆறு வருசம் ஆவுதுண்ணா, அதான் விசேசம்" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார். ஒருமுறை, பையனின் தாய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றும், "ரெண்டு மாசம் தாங்காது, இப்பவே பேசி வெச்சிக்கலாம்" என்றும் சொன்னார். அடுப்படியிலிருந்து அத்தை வெளியே வந்தார்.

"இன்னாண்ணா இது? எங்கேயோ ஒர்த்தி சாவணும்னு நான் வௌக்கேத்தி வெச்சிக்கினு ஒக்காந்திருக்கணுமா?"

அதோடு தரகர் வருவது நின்றது. இனிக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார். அன்று அப்பா சாப்பிடவில்லை.

இந்த நிலைமையில்தான் மூன்றாம் அறை அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்து அப்பா முன்னால் நின்றார். அத்தையைக் கேட்டார். அப்பா சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஊர்ல அம்மா கீறாங்களா?"

"இருக்காவ. கல்லு மாதிரி இருக்காவ" என்றார் அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆயில்யம்னு மட்டும் எங்க வீட்டுல சொல்லிராதீய. எங்கய்யா நாளு நச்சத்திரம் பாக்காம வெளக்குமாறுகூட வாங்க மாட்டாவ."

அப்பா ஜோசியரிடம் போனார். அத்தை பிறந்த நேரத்தை முக்கால் மணி தள்ளிப் போட்டால் ஆயில்யம் முடிந்து மகம் பிறந்துவிடும் என்று தெரிந்தது. பிரசவம் பார்த்தவளின் வீட்டில் கடிகாரமே கிடையாது, முக்கால் மணி முன்னே பின்னே இருக்கக் கூடாதா என்று அப்பாவே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். மகம் ஜகத்தை ஆளும் என்பார்கள், யாரும் மறுக்க முடியாத நட்சத்திரம். புது ஜாதகம் மஞ்சள் தடவித் திருநெல்வேலிக்குப் போனது. அத்தைக்கு இதில் விருப்பமில்லை. "நாளைக்கு அந்தம்மாவுக்கு ஒரு தலவலி வந்தாக்கூட எம் மனசு இன்னா பாடு படும்?" என்று அம்மாவிடம் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. ஆனால் அண்ணனை வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு மனசில்லை.

வல்லக்கோட்டைக் கோவிலில் அர்ச்சனை செய்தபோது அப்பா, "மக நட்சத்திரம்" என்றார். நான் உடனே, "யப்பா, ஆயில்யம்பா" என்றேன். அம்மா என் தொடையில் திருகிய திருகலில் முருகனே தெரிந்தார். வீட்டுக்கு வந்ததும் எல்லோருமாக என்னை உட்கார வைத்து, இதை வெளியே சொன்னால் அத்தை கல்யாணம் நின்றுபோகும் என்று தெளிவாகச் சொன்னார்கள். நானும் சத்தியம் செய்தேன்.

கண்காட்சிக்குப் பெட்டி டிராக்டரில் போய் வந்தது. எங்களுக்கு இரண்டாம் பரிசுதான். வரைபடத்தைக் கூரைக்கு மேலே விரித்து ஓட்டை போட்டதால் உள்ளிருந்து பார்க்கும்போது பாம்பு இடவலம் மாறிப் படுத்திருந்தது. சயின்ஸ் மிஸ் மட்டும் அதைக் கண்டுபிடித்தார், சிரித்துவிட்டு விட்டுவிட்டார். முதல் பரிசு எரிமலைக்கு. அந்தக் காயம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணனின் அம்மாவும் அப்பாவும் பெண் பார்க்க வந்தார்கள். பெட்டி திரும்பி வந்து எங்கள் தோட்டத்தில் கிடந்தது. காலையில்தான் எனக்குத் திடீரென்று நினைவு வந்தது. உள்ளே "ஆயில்யம், அத்தை" என்று என் கையெழுத்திலேயே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. ஓடிப்போய்க் கிழித்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வயசுப் பயம் அதோடு விடாது. சீட்டைக் கிழித்தால் போதுமா? நட்சத்திரம் அங்கேயே இருக்கிறதே, யாராவது கேட்டால்? கூரைமேல் ஏறி, பாம்பின் தலையில் இருந்த ஆறு ஓட்டைகளையும் பசுஞ்சாணியால் அடைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து நல்ல பிள்ளையாக நின்றேன்.

அண்ணனின் அம்மா குள்ளம், நடையில் வேகம். பட்டுப்புடவை, பெரிய கொண்டை. வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிஷம், ஆண்கள் ஜாதகத்தாளை விரித்துக்கொண்டு இருக்கும்போதே, என்னைக் கூப்பிட்டார்.

"ஏ பிள்ளே, எம் மவன் போன்ல உங்க பெட்டியப் பத்திச் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளிச்சிப் போச்சி. வா, காட்டு பாப்பம்."

மறுக்க வழியில்லை. அவர் குனிந்து உள்ளே நுழைந்து, பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டார். நான் கதவைச் சாத்தினேன். உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த வெயில் கூரை முழுக்கப் பொரிந்தது. அவர் சுட்டுவிரலை நீட்டி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இது?"

"புனர்பூசம்."

"அது?"

"பூசம். எங்க சயின்ஸ் மிஸ் நட்சத்திரம்."

"அங்கன?"

"மகம்" என்றேன். "எங்க அத்தை."

விரல் நின்றது. திரும்பிப் பின்னால் போனது. பூசத்தைத் தொட்டது, மகத்தைத் தொட்டது, நடுவில் இருந்த இருட்டைத் தடவியது. இருபத்தேழு நட்சத்திரத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்கிற தலைமுறை அது. அதை நான் யோசிக்கவே இல்லை.

"பூசத்துக்கு அடுத்தாப்ல மகம் எப்படிட்டி வரும்? ஆயில்யத்த எங்க?"

"அது இந்த மாசத்துல தெரியாதுங்கோ."

"பாம்பு கெடக்கு, வாலு கெடக்கு, தலையக் காணும். தலை இல்லாத பாம்பு எந்த ஊர்ல இருக்கு?"

எழுந்து உட்கார்ந்தார். கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். இருட்டில் தடவி, ஒரு இடத்தில் குத்தினார். காய்ந்த சாணி பொடியாக உதிர்ந்து அவர் பட்டுப்புடவையில் விழுந்தது. கூடவே ஒரு வெளிச்சப் புள்ளி வந்து அவர் நெற்றியில் உட்கார்ந்தது. இன்னொரு குத்து. இன்னொன்று. ஆறும் திறக்கும்வரை விடவில்லை.

"சாணி வச்சி அடைச்சது யாரு?"

நான் அழ ஆரம்பித்தேன். செய்த சத்தியம், தொடையில் திருகு, எல்லாம் கண்ணீரில் போயின. "எங்க அத்தைக்கு மகம்னு சொல்லச் சொன்னாங்கோ. ஆனா அத்தை இதுதாங்கோ. இதுன்னு தெரிஞ்சா நீங்கோ வேணாம்னு சொல்லிடுவீங்கோ, கல்யாணம் நின்னுபூடும். நீங்கோ யாராண்டையும் சொல்லாதீங்கோ."

அவர் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நானும் இந்த ஓட்டதாம்ட்டி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எங்கய்யா என்னையப் பூசம்னு சொல்லித்தான் கட்டிக் குடுத்தாவ. முப்பத்திரெண்டு வருசமா எங்க வீட்டுக்காரவுகளுக்கு நான் பூசம். எம் மாமியா என்ன ஆனான்னு கேக்கியா? தொண்ணூத்தோரு வயசு வரைக்கும் இருந்தா. எனக்குப் பல்லு ரெண்டு விழுந்த பொறவு, அவ பல்லு அத்தனையோடயும் போய்ச் சேந்தா."

மறுபடியும் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னார்.

"மொதப் பத்து வருசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தக் கெழவி தும்முனாக்கூட எனக்கு ஈரக்கொல நடுங்கும், நம்மாலதானோன்னு. தூக்கத்துல எந்திரிச்சிப் போயி, மூச்சு வருதான்னு மூக்குல கைய வச்சிப் பாத்திருக்கேன். இன்னொரு பிள்ள அப்படி வந்து எம் மூக்குல கை வைக்க வேண்டாம்."

நான் மூக்கை உறிஞ்சினேன். அவர் பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ வால் பக்கம் கையைக் காட்டினார். "அங்கன என்னது, பொகை மாதிரி?"

"அது கேலக்ஸிங்கோ. அதுக்குள்ள கோடிக்கணக்குல நட்சத்திரம் கீதாம்."

"அதுல பொறந்தவ யாரு?"

"யாருமே இல்லீங்கோ."

"குடுத்து வச்ச எடம்" என்றார்.

வெளியே வந்தோம். அண்ணனின் அப்பா ஜாதகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "எல்லாம் சரியாத்தான் இருக்கு. இருந்தாலும் இன்னொருக்கக் கணிச்சிப் பாக்கலாமோ?" என்று இழுத்தார். எங்கள் அப்பாவின் முகம் வெளுத்துப்போனது.

"மகம் ஜகத்த ஆளும்னு சொல்லுவாவ. நம்ம வீட்டுல ஆளுறதுக்கு ஒரு அடுப்படிதான் இருக்கு, ஆண்டுட்டுப் போகட்டும். தட்ட மாத்துங்க" என்றார் அந்த அம்மா. பிறகு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அடுப்படிக்குள் போனார். அங்கே அத்தை தனியாக இருந்தார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அத்தை வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது, தோள்பட்டையில் சாணிப்பொடி ஒட்டியிருந்தது.

அம்மா பதறிப்போய், "ஐயோ, பொடவையெல்லாம் இன்னா இது?" என்று சம்பந்தியின் புடவையைத் தட்டப் போனார்.

"ஒண்ணுமில்ல. உங்க ஊரு ஆகாசம் கொஞ்சம் உதிருது" என்றார் அவர்.

சித்திரையில் கல்யாணம். வைகாசியில் கோழிகள் பெட்டிக்குள் குடிபோயின. மத்தியானத்தில் எட்டிப் பார்த்தால் அடைகாக்கிற கோழியின் முதுகில் பாம்பு படுத்திருக்கும். பஞ்சை முதல் வாரமே கொத்திப்போட்டுவிட்டன. இரண்டு மழைக்குப் பலகை இற்றுப்போனது. என்றைக்கு அடுப்புக்குப் போனதென்று எனக்கு நினைவில்லை.

அப்பாவை நினைத்தால் இப்போது சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. ஏழெட்டு வருஷம் செத்துப்போன மாமியார்களாகத் தேடினார். உயிரோடு இருக்கிற ஒரு மாமியாரிடம் உனக்கு இதில் பயமுண்டா என்று கேட்கலாம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசிவரை அவருக்கு விஷயம் தெரியாது. தன் சாமர்த்தியத்தால் தங்கச்சி வாழ்ந்தாள் என்ற பெருமையோடுதான் போனார், அது இருக்கட்டும்.

அத்தையும் மாமாவும், அதாவது மூன்றாம் அறை அண்ணனும், ஒரகடத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். மாமியாரும் மாமனாரும் இப்போது அவர்களோடுதான். மாமியாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அத்தை வைக்கிற சாம்பாரைப் பற்றித் தினமும் ஒரு குறை சொல்லுகிற அளவுக்கு ஆரோக்கியம். போன மாதம் எல்லோருமாக வல்லக்கோட்டைக்குப் போனோம். அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு நட்சத்திரம் கேட்டார்.

"பூசம்" என்றார் மாமியார், கண்ணை மூடிக்கொண்டு.

"மகம்" என்றார் அத்தை, பக்கத்தில் நின்று.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மாமனார் பக்தியோடு கைகூப்பி நின்றார். எனக்கு உள்ளங்கையில் சாணி பிசுபிசுத்த மாதிரி இருந்தது. அந்த ஓட்டையை முதலில் அடைத்தது நான் இல்லைதான். ஆனாலும் நானும் அடைத்தவள்தானே. கடைக்கு ஓடிப்போய் இன்னொரு தட்டு வாங்கி வந்து நீட்டினேன்.

"பேர்?" என்றார் அர்ச்சகர்.

"பேர் வேண்டாம் சாமி. ஆயில்யம்."

இரண்டு தலைகள் சட்டென்று திரும்பின. மாமனாரும் திரும்பி, "ஆயில்யமா? அது யாருக்கும்மா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் அவர் கையில் திருநீற்றைக் கொட்டினார்.

"நீங்க பேசாமப் பூசிட்டு நில்லுங்க" என்றார்.